கால் நரம்பும் புழுங்கல் அரிசியும்



சென்ற பள்ளி விடுமுறையில், பந்திங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நால்வர் ஒன்றுசேர்ந்து, பல்கலைக்கழகம் ஒன்றில் நடைபெற்ற கருத்தரங்குக்குச் சென்றிருந்தோம். மூளையும் நரம்பும் பற்றிய ஆராய்ச்சிக் கருத்தரங்கு அது. விரும்புவோர் யாவரும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பிள்ளைகளின் மனத்தைப் பற்றி நிறையப் படித்தோம். அந்த மனம் குடியிருக்கும் மூளையை யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனோம். காலை முழுவதும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிற்பகலில் பேசிய அம்மையார் ஒருவர், மூளையை வெட்டி எடுத்த படம் ஒன்றைத் திரையில் காட்டினார். மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவான இரண்டு முண்டுகள். நலமுள்ளவரின் மூளையில் அவை உருண்டு திரண்டிருந்தன. பக்கத்துப் படத்தில் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. "ஒரே ஓர் உயிர்ச்சத்துக் குறைந்தால் நினைவாற்றலுக்கு இந்தக் கதி நேர்கிறது" என்றார். அடுத்து வந்தது ஒரு பழைய மருத்துவ ஏட்டின் பக்கம். 1907ஆம் ஆண்டு. கட்டுரையின் தலைப்பில் அரிசியும் இருந்தது, கோலாலம்பூரும் இருந்தது. அவர் அரை நிமிடத்தில் அதைக் கடந்து அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எங்களால் கடந்து போக முடியவில்லை.

அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அந்த அரிசி. மற்றொன்று, எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தகப்பனார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

பெரிபெரி என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில், இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அது ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் தாங்க முடியாத வலி எடுக்கும். பிறகு பாதம் தொங்கிப்போய், சேற்றில் நடப்பவர் போல முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, நெஞ்சு அடைத்து, ஒரே இரவில் உயிர் பிரிந்துவிடும். 'பெரி' என்றால் சிங்கள மொழியில் 'முடியாது' என்று பொருள்; முடியாது, முடியாது என்று நோயாளி புலம்பியதே நோயின் பெயராகிவிட்டது என்று கூறுவோர் உண்டு. நெஞ்சைத் தாக்கினாலும் அடிப்படையில் இது நரம்பைக் கெடுக்கும் நோய்.

எதனால் வருகிறது? அக்காலத்து மருத்துவர்கள் ஈரமான தரையைச் சொன்னார்கள். கெட்ட காற்றைச் சொன்னார்கள். கட்டடத்துக்குள் நோய் குடியிருக்கிறது என்று சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு பூசினார்கள். பாஸ்டரும் கோக்கும் நோய்க்கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த காலம் அது. எந்த நோயானாலும் அதன் பின்னால் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று கற்றவர்கள் நம்பினார்கள்.

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு நோய் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அதுதான். இந்நாட்டில் பல்கலைக்கழகம் என்று ஒன்று தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு காலம் இருந்தது. அதன் முதல் இயக்குநராக வந்த ஹாமில்டன் ரைட் நரம்பணுக்களை ஆராய்ந்து பயின்றவர். பெரிபெரியால் மாண்டவர்களின் நரம்புகளை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். புடு சிறைச்சாலையிலும் ஆராய்ந்தார். இரைப்பையிலும் சிறுகுடல் முகப்பிலும் ஏதோ ஒரு கிருமி தங்கி நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சே நரம்பைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். நரம்பு எப்படிக் கெட்டிருந்தது என்பதை அவர் சரியாகப் பார்த்தார். எதனால் கெட்டது என்பதற்கு விடை அந்த நுண்ணோக்கிக்கு அடியில் இல்லை, சமையற்கட்டில் இருந்தது. இதே ரைட்தான் பின்னாளில் அமெரிக்கா சென்று, அபினிக்கு எதிரான உலக இயக்கத்தில் பெயர் பெற்றவர். அது வேறு கதை.

கடலுக்கு அப்பால் ஜாவாவில் இதற்குள் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் எய்க்மன் பெரிபெரிக் கிருமியைத் தேடிக் கோழிகளை வளர்த்து வந்தார். ஒரு நாள் கோழிகளெல்லாம் கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்தபோதுதான் செய்தி வெளிவந்தது. கோழி வளர்த்த பணியாள், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவச் சோற்றைக் குடிமக்களின் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் மீண்டும் தவிட்டோடு கூடிய அரிசிக்கு வந்தன; நடந்தன. சமையற்காரரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய நண்பர் வோர்டர்மன் 1890களில் ஜாவாவின் 101 சிறைச்சாலைகளில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் உணவைக் கணக்கெடுத்தார். தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் பெரிபெரி அரிது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சிறைகளில் மிகுதி. எய்க்மன்கூட வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்றுதான் எண்ணினார். நஞ்சு எதுவும் இல்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற் போனதே நோய் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். இருப்பதைத் தேடுவது எளிது. இல்லாததை எப்படித் தேடுவது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிரம்பானில் நெகிரி செம்பிலான் அரசு மருத்துவராக இருந்தவர் பிராடன். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தவர் அல்லர். மாநிலம் முழுவதும் சுற்றியவர். 'யாருக்கு இந்த நோய் வருகிறது?' என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'யாருக்கு இது வருவதில்லை?' என்று அவர் கேட்டார். சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மடிகிறார்கள். கம்பத்து மலாய்க்காரர்கள் நலமாக இருக்கிறார்கள். இரயில் பாதையிலும் தோட்டத்திலும் உழைக்கும் தமிழர்கள் மலேரியாவில் சாகிறார்கள், வயிற்றுப்போக்கில் சாகிறார்கள். பெரிபெரியில் மட்டும் சாவதில்லை. தமிழன் சீனனைவிட நல்ல வீட்டிலா வாழ்ந்தான்? நம் லயங்களின் அக்கால நிலையை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மூவரும் மிதித்தது ஒரே மண். வேறுபட்டது அரிசி ஒன்றுதான்.

சீனத் தொழிலாளி உண்டது சயாமிலிருந்து ஆலையில் தீட்டி வந்த பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்ததை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு என்று ஊர்விட்டுக் கப்பலேறி வந்தவர்கள், பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி, அன்றாட வயிற்றுக்குப் புழுங்கல் என்ற வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். ரங்கூனிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் புழுங்கல் அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கிற்று. பிராடன் தாம் கண்டவற்றை 1907இல் பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். பழைய வெள்ளை அரிசியில் ஊறும் நஞ்சே காரணம் என்று அவரும் தவறாகவே எண்ணினார். ஆனாலும் விரலைச் சரியான மூட்டையின்மேல் வைத்துவிட்டார்.

பிராடன் சொன்னதைப் பலர் நம்பவில்லை. நம்பாதவரை நம்பவைக்க ஒரு சோதனை வேண்டியிருந்தது. அது நடந்த இடம் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் திறக்கப்படும் முன்னர், சிலாங்கூரின் மனநோயாளர்கள் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தார்கள். 1905இல் அந்த விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிரே இருந்த அதே மாதிரியான மற்றொரு கட்டடத்துக்கு. பள்ளித் திடலில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரிக்க நாங்கள் செய்வதும் இதுதான். கறி, காய், உடை, படுக்கை எல்லாம் இருவருக்கும் ஒன்று. அரிசி மட்டும் வேறு. ஒற்றைப்படையினர்க்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படையினர்க்குப் புழுங்கல்.

1906ஆம் ஆண்டு முடியும்வரை, ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. புதிதாக வந்தவர்களையும் சேர்த்து வெள்ளை அரிசிப் பக்கம் 120 பேர், புழுங்கல் பக்கம் 123 பேர். வெள்ளை அரிசி உண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் நோய் இருந்தவர் இருவரே. அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அங்கே பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. முடிவை லண்டன் 'லான்செட்' ஏடு 1907இல் வெளியிட்டது. கருத்தரங்கில் அரை நிமிடம் நாங்கள் பார்த்த பக்கம் அதுவே. நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனைமுறையின் முன்னோடிகளில் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நமக்கு நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது. மருத்துவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அதற்குமுன் எல்லாருமே அந்த வெள்ளை அரிசியைத்தான் உண்டு வந்தார்கள். உண்மை எது என்பது அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் நிலையில் பலர் இல்லை. மனிதர்மேல் சோதனை நடத்த அவர்களின் மனமொப்பிய இசைவு வேண்டும் என்பது 1947இல் நூரம்பர்க் தீர்ப்போடுதான் உலக நெறியாயிற்று. 1964இல் ஹெல்சிங்கி அறிக்கை அதை விரித்துரைத்தது. இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இத்தகைய ஆய்வைத் தொடங்கவே முடியாது. கோலாலம்பூர் விடுதியில் இறந்த அந்த 18 பேர் இன்று மருத்துவ நூல்களில் ஓர் எண். இடப்பக்கத்திலிருந்து எண்ணியபோது ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

இதற்குப் பிறகும் ஐயம் தீராதவர்கள் இருந்தார்கள். கட்டடத்தில் கிருமி இருந்திருக்கலாமே என்றார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஜெலுபுக் காட்டில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேர். யாரும் குடியிருந்திராத காடு. புதிதாகக் கட்டிய கொட்டகைகள். பழைய கிருமிக்கு அங்கே இடமே இல்லை. ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மற்றொன்றுக்குப் புழுங்கல். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் கால்கள் மரத்தன. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் கூட்டம் மாறியது. தமிழன் உடம்பில் தனிச் சிறப்பு ஏதுமில்லை, ஜாவானியர் உண்டாலும் புழுங்கல் காக்கும் என்பது இதனால் விளங்கிற்று.

1910 மார்ச்சில் மணிலாவில் தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. தீட்டிய வெள்ளை அரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய சான்று கிடைத்துவிட்டது, அரசுகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறிற்று. கருத்தரங்கு என்றால் தேநீரும் கைதட்டலும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, ஒரு மண்டபத்தில் நிறைவேறிய தீர்மானம் சிறைச்சாலைச் சோற்றுப் பானைவரை போய் எட்டியது வியப்பாக இருந்தது. சிறைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் அரிசியை மாற்றுவது எளிது. உத்தரவு போட்டால் போதும். சுரங்கத் தொழிலாளி என்ன உண்ண வேண்டும் என்று யார் உத்தரவிடுவது? புழுங்கலின் மணம் பழகாதவர்க்கு ஒவ்வாது. நம் பிள்ளைகளே இன்று அதை முகர்ந்துவிட்டு முகம் சுளிக்கிறார்கள்.

பிரேசரும் ஸ்டாண்டனும் மற்றொன்றும் செய்தார்கள். அரிசி எந்த அளவு தீட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய ஓர் அளவுகோல் கண்டார்கள். அரிசியில் உள்ள பாஸ்பரஸ், அதன் ஆக்சைடாகக் கணக்கிட்டால் 0.4 விழுக்காட்டுக்குக் குறையுமானால் அந்த அரிசி ஆபத்து. பாஸ்பரஸ் நோயைத் தீர்ப்பதில்லை. தவிடு எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

புழுங்கலில் என்ன மாயம்? நம் தாய்மார் செய்ததை நினைத்துப் பாருங்கள். நெல்லை உமியோடு ஊறவைக்கிறார்கள், அவிக்கிறார்கள், களத்தில் உலர்த்துகிறார்கள், பிறகுதான் குத்துகிறார்கள். தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்து நீரில் கரையக்கூடியது. ஊறி அவியும்போது அது கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அரிசியின் மாவும் வெந்து இறுகுவதால், பின்னால் எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போன சத்து முழுவதும் போய்விடுவதில்லை. குத்தும்போது நொய்யாகாமல் இருக்கவும், நாள்பட வைத்திருக்கவும், சோறு விறைப்பாக இருக்கவும் நம்மவர் கண்ட முறை இது. நரம்பைக் காக்கவென்று யாரும் புழுக்கவில்லை. மாட்டுக்குப் போட்ட தவிட்டில் நோய்க்கு மருந்து இருந்ததை யார் கண்டார்கள்?

அந்தச் சத்துக்குப் பெயர் வைத்து, பிரித்தெடுத்து, செயற்கையாகச் செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1912இல் போலந்து நாட்டவரான பங்க் 'வைட்டமின்' என்ற சொல்லைப் படைத்தார். 1926இல் யான்சனும் டோனத்தும் அதே பத்தாவியாவில் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

நரம்புக்கும் இந்தச் சத்துக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்கியவர் ஆக்ஸ்போர்டில் இருந்த பீட்டர்ஸ். 1930களில், வெள்ளை அரிசி தின்று கழுத்து முறுக்கிக் கிடந்த புறாக்களின் மூளைத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் இட்டுப் பார்த்தார். அத்திசு சர்க்கரையை முழுவதும் எரிக்க முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. ஒரு துளி தயமின் சேர்த்ததும் மறுபடி எரியத் தொடங்கிற்று. விறகு இருந்தும் பற்றவைக்கத் தீக்குச்சி இல்லாத அடுப்பு போல என்று நம் மாணவர்களுக்குச் சொல்லலாம். நம் உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. அதனால்தான் இந்தக் குறை முதலில் மூளையையும் நரம்பையும் பிடிக்கிறது. இடுப்பிலிருந்து பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிற நரம்பு மிக நீளமானது. ஆகவே பாதம் முதலில் மரக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உடம்பு அதைச் சில வாரங்களுக்குமேல் சேமித்து வைக்காது.

தாய்நாட்டிலும் இதே கணக்குத்தான். நீலகிரிக் குன்னூரில் 1918 முதல் பெரிபெரியை ஆராய்ந்த மக்காரிசன், சென்னை மாகாணத்தின் வடபகுதியில், தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்போரிடையே அந்நோய் இருப்பதையும், புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது காணப்படாததையும் எடுத்துக் காட்டினார். ஒரே மாகாணம், பழக்கம் மட்டும் வேறு. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடந்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று.

அப்படியானால் பெரிபெரி தமிழரை என்றுமே தீண்டவில்லையா? தீண்டியது. 1942க்குப் பின் ரங்கூன் கப்பல்கள் நின்றன. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 'ஜப்பான்காரன் காலத்துல எல்லாருக்கும் காலு வீங்கிக் கெடந்துச்சு' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரிபெரி என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்கு அங்கே கிடைத்தது தீட்டிய வெள்ளை அரிசி. வாந்திபேதியோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் அவர்களைத் தின்றது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எந்த நோய் தமிழரைத் தொடுவதில்லை என்று மருத்துவர்கள் வியந்து எழுதினார்களோ, அதே நோய், அரிசி கைவிட்டுப் போனதும் வந்தது.

போர்க் கைதிகளாக இருந்த ஆங்கில மருத்துவர்கள் டி வார்டனரும் லெனக்சும், சிங்கப்பூரில் கைதிகளுக்கான மருத்துவமனையில் ஒரு புதுமையைக் கண்டார்கள். பட்டினியால் மெலிந்த கைதிகளுக்குக் கண்மணிகள் ஆடின, பார்வை இரண்டாகத் தெரிந்தது, மனம் குழம்பிற்று, நடந்தவை மறந்தன. 1881இல் ஜெர்மானியர் வெர்னிக்கே எழுதிவைத்த மூளை நோய் அது. பெரும்பாலும் குடிகாரர்களுக்கே வருவதாக எண்ணப்பட்டது. இந்தக் கைதிகளுக்கோ குடிக்க மது ஏது? தயமின் ஊசி போட்டதும் பலர் தேறினார்கள். ஆகவே, மூளையைக் கெடுப்பது மதுவின் நஞ்சு மட்டுமன்று. சத்துக் குறைவே அந்நோயின் வேர் என்று தெளிந்தது. 52 பேரைப் பற்றிய குறிப்புகளை மருத்துவர் தகரப் பெட்டியில் அடைத்து, சயாம் முகாமொன்றின் இடுகாட்டில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார். அவை 1947இல் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தன.

பிராடனின் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. எங்கள் பந்திங்குக்கு அடுத்த சிப்பாங்கைத் தாண்டினால் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக். 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் அங்கே பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். அந்தக் கொசுநோய் வழக்கமாகப் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். கொசு எல்லாரையும் கடிக்கும். பன்றியைத் தொடாதவர்க்கு ஏன் வரவில்லை? மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 1900இல் கிருமி இல்லாத இடத்தில் கிருமியைத் தேடினார்கள். 1999இல் வேறு கிருமியைத் தேடினார்கள். இரண்டு முறையும் வழி காட்டியது யாருக்கு நோய் வரவில்லை என்ற கேள்விதான்.

இனி அந்த மாணவியின் தகப்பனாருக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். சம்சு குடிப்பவர். குடித்த நாளில் சோறு உண்ணமாட்டார். குடிக்காத நாள் குறைவு. கால்களை அகல வைத்து, தரையைப் பார்த்துப் பார்த்து நடப்பார். "காலு மரத்துப் போச்சு சார்" என்று ஒருமுறை சொன்னார்; நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, போன வாரம் பந்திங் கடைத்தெருவில் தலைமையாசிரியரோடு தேநீர் குடித்ததாகவும், மகளைப் பற்றிப் பேசியதாகவும் விவரமாகச் சொன்னார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அடுத்த முறை வேறொன்று சொன்னார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று நமக்குள் ஒரு பழமொழி இருக்கிறதே, அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். மகள் தலை குனிந்து நின்றாள். 'அப்பா சொல்வதையெல்லாம் நம்பாதே' என்று அவளுக்குப் புத்தியும் சொன்னோம்.

இரஷிய மருத்துவர் கோர்சக்கோவ் 1887இல் எழுதிவைத்ததைக் கருத்தரங்கில் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த இரண்டு முண்டுகள் கெட்டுப்போனவர்க்குப் புதிய நினைவு தங்காது. காலியான இடத்தை மூளை தானாகவே கதை கட்டி நிரப்பிக்கொள்ளும். அவர் பொய் சொல்லவில்லை. தாம் சொன்னதை அவரே நம்பினார். மது உடம்பில் தயமின் சேரவிடாமல் தடுக்கிறது, சோறும் இல்லை, பிறகு எது மிஞ்சும்? தேநீர் வேளையில் அந்த அம்மையாரிடம் சென்று கேட்டோம். "கதையைக் கேட்டு நோயைச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் கடத்தாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்" என்றார்.

மறுநாளே அழைத்துப் போனோம். ஊசிகள் போட்டார்கள். இரண்டு வாரத்தில் கண் ஆடுவது நின்றது. நடையும் ஓரளவு நிமிர்ந்தது. நினைவு மட்டும் அவ்வளவாகத் திரும்பவில்லை. முன்பே வந்திருந்தால் திரும்பியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எவ்வளவு முன்பு என்று நாங்கள் கேட்கவில்லை. கால் மரத்துப் போச்சு என்று அவர் எங்களிடம் சொன்ன நாள் எங்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். எங்களை யாரென்று தெரியவில்லை. ஆனாலும் அன்போடு உட்காரச் சொன்னார். நேற்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டதாகவும், மீன் குழம்பு நன்றாக இருந்ததாகவும் சொன்னார். மகள் பக்கத்தில் ஒரு பயிற்சி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். தேதி போட்டு, அன்று வந்தவர், அன்று உண்டது, அன்று நடந்தது என்று அதில் எழுதி வைத்து இரவில் அவருக்குப் படித்துக் காட்டுகிறாளாம். "நேத்து இல்லப்பா, சாரெல்லாம் இன்னைக்குத்தான் வந்திருக்காங்க" என்றாள். தலை குனியாமல் சொன்னாள். பிறகு எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.